சுருங்கை முதல் சப்வே வரை

(கோட்டூர்புரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



அறக்கட்டளைப் பொழிவு என்றால் ஒரு காப்பியத்தையோ ஒரு புலவரையோ எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசுவது வழக்கம். நான் ஒரே ஒரு சொல்லோடு வந்திருக்கிறேன். சுரங்கம். இவ்வளவு தூரம் வந்து இதைத்தானா கேட்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தச் சொல்லைப் பற்றிப் பேசக் கோட்டூர்புரத்தைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் குறைவு. இங்கே தலைக்கு மேலே ரயில் போகிறது. இந்த வழியே 2004 முதல் ஓடும் அந்த ரயிலுக்கு அரசு வைத்த பெயர் நீளமானது. மக்கள் வைத்த பெயர் பறக்கும் ரயில். இங்கிருந்து கிழக்கே, கிரீன்வேஸ் சாலைக்கும் அடையாறு சந்திப்புக்கும் நடுவே, 2023இல் மெட்ரோ ரயிலுக்காக இரண்டு இயந்திரங்கள் மண்ணுக்குள் இறங்கி அடையாற்றுக்கு அடியில் வழி போட்டன. மேலே போனதற்குப் பெயர் வைக்க மக்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. கீழே போவதற்கு என்ன பெயர்? பத்திரிகை ‘சுரங்கப்பாதை’ என்கிறது, பொறியாளர் ‘டனல்’ என்கிறார், அந்த வழியே போகப்போகிறவர் ‘அண்டர்கிரவுண்ட்’ என்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் ‘சுரங்கம்’ என்ற ஒற்றைச் சொல்லின் தலையில் நான்கு வேலைகளைத் தமிழ் ஏற்றிவிட்டது. கனிமம் எடுக்கும் இடம் அது. மலையையோ மண்ணையோ ஊடுருவிப் போகும் வழி அது. ரயில் தண்டவாளத்துக்குக் கீழே வண்டி போகும் சாலையும் அது. அரசன் தப்பிப் போகும் ரகசிய வழியும் அதுவே. இந்த நான்கும் ஏறியபோது, அந்தச் சொல் முதலில் பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாவது வேலை கைநழுவிப் போயிற்று. அது தண்ணீர்.

1. பழைய வேலை

பழந்தமிழில் இந்தச் சொல்லின் வடிவம் ‘சுருங்கை’. பரிபாடலின் வையைப் பாடல் ஒன்றில், மதுரை மதிலின் சுருங்கை வழியே வெள்ளம் பீறிட்டு வெளியேறுவது, யானை துதிக்கையால் நீரை உமிழ்வதுபோல் இருக்கிறது என்கிறார் புலவர். மணிமேகலையில் பெரிய குளத்தின் ஓரத்துச் சிறிய நீர்வழிக்கு இதே சொல். அதே காப்பியத்தில் நகரத்து வீடுகளின் கழிவுநீர் போகும் தூம்புக்கும் இதே சொல்தான்.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அவன் சுருங்கை வீதியின் பக்கமாகப் போகிறான். அந்த வீதியில் யானைக் கூட்டம் நடந்துபோகிறது என்கிறார் இளங்கோ. இந்த இடத்தில் பலரும் தடுமாறுவார்கள். சுருங்கை என்பது ‘சுருங்கு’ என்ற வினையிலிருந்து வந்தது, குறுகலான வழி என்று பொருள் சொல்வோர் உண்டு; அப்படியானால் யானைக் கூட்டம் எப்படி நுழைந்தது? பழைய உரை இதைத் தெளிவாக்கிவிடுகிறது. நீர் ஓடுவது யாருக்கும் தெரியாதபடி அடியில் மறைத்து, மேலே தளம் பாவிய வீதி அது. யானை மேலே போகிறது, தண்ணீர் கீழே போகிறது. மூடிய மழைநீர் வடிகாலுக்கு மேல் சாலை போட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் தி. நகர்க்காரர் யாருக்கும் விளங்கும்.

இப்போது வடமொழிப் பக்கம் பாருங்கள். அர்த்தசாஸ்திரத்தில் ‘சுருங்கா’ வருகிறது. அரண்மனையிலிருந்து வெளியேறும் ரகசிய வழி அது. மகாபாரதத்தில் அரக்கு மாளிகையிலிருந்து பாண்டவர் தப்பியதும் விதுரன் அனுப்பிய ஆள் தோண்டிக் கொடுத்த வழியாகத்தான். இந்தச் சொல் கிரேக்க ‘சிரிங்ஸ்’ என்பதிலிருந்து இந்தியாவுக்கு வந்தது என்று 1920களில் ஓட்டோ ஸ்டைன் வாதிட்டார்; அதை வைத்து அர்த்தசாஸ்திரத்தின் காலத்தையே சிலர் பின்னுக்குத் தள்ளினார்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் குழல் என்று பொருள். ஆயன் ஊதும் குழலும் அதுதான், கோட்டையை முற்றுகையிடுபவன் அமைக்கும் மறைவழியும் அதுதான். சொல் எங்கிருந்து வந்தது என்ற வழக்கில் இன்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்கு முக்கியம், வந்த சொல்லைக் கொண்டு யார் என்ன செய்தார்கள் என்பது. வடக்கே அது அரசன் தப்பும் வழி. நான் மேலே காட்டிய தமிழ் இடங்கள் எல்லாவற்றிலும் அது ஊர்த் தண்ணீரின் வழி.

2. அக்கம்பக்கத்தார் எப்படிச் சமாளித்தார்கள்

இந்தப் பகுதி மாணவர்களுக்காக. இந்தியில் ‘சுரங்’ என்றால் ஊடுருவிப் போகும் வழி. கனிமம் எடுக்கும் இடத்துக்கு ‘கான்’, ‘கதான்’ என்று தனிச் சொற்கள் இருக்கின்றன. தெலுங்கில் வழிக்கு ‘சொரங்கம்’, கனிமத்துக்கு ‘கனி’. கன்னடத்திலும் ‘சுரங்க’ வேறு, ‘கணி’ வேறு. மலையாளத்தில் ‘துரங்கம்’ வேறு, ‘கனி’ வேறு. நான்கு மொழிகளும் இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் வைத்திருக்கின்றன. தமிழில் மட்டும் இரண்டுக்கும் ஒரே சொல்.

ஏன்? என் ஊகம் எளிமையானது. அந்த இன்னொரு சொல் தமிழுக்குள் வந்தால் ‘கனி’ என்று ஆகும். தமிழில் அந்த இடத்தில் ஏற்கெனவே பழம் உட்கார்ந்திருக்கிறது. ‘நிலக்கரிக் கனி’ என்று எழுதினால் யார் ஏற்பார்கள்? ஆகவே தோண்டி எடுத்த பொருளுக்குக் ‘கனிமம்’ என்று பெயர் வைத்துக்கொண்டோம், கனிமவளத் துறை என்று ஒரு அரசுத் துறையும் வந்தது. பொருளை எடுத்த இடத்துக்கு மட்டும் பெயர் கிடைக்காமல் சுரங்கத்தை இழுத்து வந்து நிறுத்தினோம்.

மலையாளிகள் செய்தது இன்னும் நுட்பம். அவர்களிடம் ‘துரக்குக’ என்ற வினை உண்டு, துளைத்துக்கொண்டு போவது. வந்த சொல்லை அந்த வினையோடு ஒட்டித் ‘துரங்கம்’ ஆக்கிக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்த வினையின் உறவு நம்மிடமும் உண்டு. தச்சர் கையில் இருக்கும் துரப்பணம் அது. நாம் அதைத் தச்சுப் பட்டறையோடும் எண்ணெய்க் கிணற்றோடும் நிறுத்திவிட்டோம்.

காசர்கோடு பக்கம் போனவர்கள் ‘சுரங்க’த்தைப் பார்த்திருக்கலாம். செம்புறைக்கல் மலைச் சரிவில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் கிடையாகத் துளை போடுகிறார்கள். பாறைக்குள் ஊறும் நீர் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, வாசல் வழியே தானாக வழிந்து, வீட்டுத் தொட்டிக்கு வருகிறது. கயிறு வேண்டாம், வாளி வேண்டாம், மோட்டார் வேண்டாம். நமது சுருங்கையின் பழைய பொருள் அந்த மலைச் சரிவில் இன்னமும் ஈரமாக இருக்கிறது.

3. ரகசியம் வந்து குடியேறியது

இதை நீட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பழைய கோயிலோ கோட்டையோ உள்ள எந்த ஊருக்குப் போனாலும், இங்கிருந்து அங்கே ஒரு சுரங்கப்பாதை உண்டு என்று ஒருவர் சொல்வார். அரக்கு மாளிகைக் கதை கூத்தின் வழியே ஊர் ஊராகப் போயிற்று. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது, பழுவேட்டரையர் அரண்மனை நிலவறையும் அதிலிருந்து போகும் சுரங்க வழியும் வாரந்தோறும் வாசகர்களை இழுத்துப் பிடித்தன. பிறகு சினிமா. சுவரில் ஒரு விளக்கைத் திருகினால் கதவு திறக்கும். ஒரு தலைமுறைக்குச் சுரங்கம் என்றாலே தீப்பந்தமும் வௌவாலும்தான். ஊரார் காட்டும் பல ‘சுரங்க’ வாய்கள் குளத்துக்கு நீர் வந்த வழியாகவோ வடிகாலாகவோ இருக்கக்கூடும் என்பது என் எண்ணம். அதைச் சொன்னால் ஊரில் யாருக்கும் பிடிப்பதில்லை.

4. சுரங்கம் என்று எழுதுகிறோம், வேறு எதையோ சொல்கிறோம்

நெய்வேலியில் 1957இல் பணி தொடங்கிய இடத்துக்குச் சுரங்கம் 1 என்று பெயர். அடுத்து 2, 1ஏ என்று வந்தன. போய்ப் பார்த்தால் அங்கே எந்தத் துளையும் இல்லை. வானம் பார்த்த பெரும் பள்ளம், அதில் ராட்சதச் சக்கர இயந்திரங்கள். ‘திறந்தவெளிச் சுரங்கம்’ என்கிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் முரண். பழகிவிட்டதால் யாருக்கும் உறுத்துவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர் ‘மைன்ஸ்’ என்றுதான் சொல்கிறார். கோலார் தங்க வயலும் அப்படியே. வட ஆர்க்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போன தமிழர்கள், 2001இல் மூடும் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை இறங்கினார்கள். அவர்கள் பேச்சில் அது ‘மைன்’, இறங்கும் வழி ‘ஷாப்ட்’. சுரங்கம் என்பது அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய சொல்.

மலை ரயிலுக்கு வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 16 துளைவழிகள் உண்டு. 1904இல் திறந்த செங்கோட்டை–புனலூர்ப் பாதையிலும் உண்டு. ரயில் அதற்குள் நுழையும்போது பெட்டியில் பிள்ளைகள் ‘ஓ’ என்று கத்துவார்கள். அம்மாமார் ‘குகை வருது, கையை உள்ளே இழு’ என்பார்கள். சுரங்கம் வருகிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இனி நம் ஊர். மழைக்காலத்தில் மேற்கு மாம்பலத்திலிருந்து தி. நகருக்கு ஆட்டோவில் ஏறுங்கள். ஓட்டுநர் சொல்வார்: “தொரசாமி சப்வே மூடிட்டாங்க சார். அரங்கநாதன்ல பாப்போம். அங்கயும் தண்ணி நின்னா கோடம்பாக்கம் பிரிட்ஜ்தான், சுத்து.” அதே நேரத்தில் அவர் வண்டியின் ரேடியோவில் செய்தி: துரைசாமி சுரங்கப்பாதை, மேட்லி சுரங்கப்பாதை, ரங்கராஜபுரம் சுரங்கப்பாதை ஆகியவற்றில் மழைநீர் தேங்கியுள்ளதால் போக்குவரத்து மாற்றப்பட்டுள்ளது. ஒருவரும் வாயால் சொல்லாத சொல்லைச் செய்தி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவை சுரங்கமும் இல்லை. தண்டவாளத்துக்குக் கீழே நிலத்தை வெட்டிச் சாலையைத் தாழ்த்திய இடங்கள். இறங்கும் சரிவு, ஏறும் சரிவு, நடுவில் பாலத்தின் நிழல். சுற்றுவட்டத்திலேயே பள்ளமான இடம் அது என்பதால் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும், கடைசியில்தான் போகும். சுருங்கை என்ற சொல்லின் பேரப்பிள்ளையைப் பெயராகச் சூட்டிய இடத்தில் தண்ணீர் போக வழியில்லை. தெருவுக்குத் தெரு நாம் கட்டும் மூடிய வடிகாலுக்கு அந்தச் சொல் நேராகப் பொருந்தும். அதற்கு வேறு பெயர்.

சாக்கடைக்கு மட்டும் மக்கள் கச்சிதமாகப் பெயர் வைத்துவிட்டார்கள்: பாதாளச் சாக்கடை. மண்ணுக்குக் கீழே என்றால் தமிழனுக்கு முதலில் வருவது பாதாளம்தான்.

இந்தக் குழப்பம் வெறும் அகராதிக்காரன் கவலை இல்லை. 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாராவில் சாலைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த இடம் சரிந்தது. 41 தொழிலாளர்கள் உள்ளே. பதினேழாவது நாள் அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த நாட்களில் நம் செய்திகள் ‘சுரங்கத்தில் சிக்கிய தொழிலாளர்கள்’ என்றே எழுதின. என்ன சுரங்கம், நிலக்கரியா என்று கேட்டவர்கள் உண்டு. கடைசி சில மீட்டரைக் கையால் தோண்டி மீட்டவர்கள் எலிவளை முறையில் குடைந்து பழகியவர்கள்; செய்திகளில் அவர்களும் சுரங்கத் தொழிலாளர்கள்தான். ஆக, சுரங்கத் தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களை மீட்டார்கள். இந்த வாக்கியத்தில் ஒரே சொல் மூன்று முறை வருகிறது. மூன்றுக்கும் ஒரே பொருள் இல்லை.

5. வினைச்சொல் காப்பாற்றி வைத்திருக்கிறது

பெயர்ச்சொல்லில் தொலைத்ததைத் தமிழ் வினைச்சொல்லில் பத்திரமாக வைத்திருக்கிறது. என் உரையின் நடுப்பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தோண்டு. மேலிருந்து கீழே போவது. கிணறு தோண்டுகிறோம், அஸ்திவாரம் தோண்டுகிறோம். தோண்டிய இடம் வானம் பார்த்துத் திறந்திருக்கும். குடை. மேல்தோல் அப்படியே இருக்க உள்ளே வெறுமையாக்குவது. வண்டு மாம்பழத்தைக் குடைகிறது. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். காதைக் குடைகிறோம். விடாமல் கேட்பவனைக் குடைந்து குடைந்து கேட்கிறான் என்கிறோம். வெட்டு. கால்வாயும் வாய்க்காலும் வெட்டுகிறோம். நீளமாக, மேலே திறந்து. காதைத் தோண்டாதே என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். கிணறு குடைந்தான் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். படிக்காதவருக்கும் பிசகாத வேறுபாடு இது.

இதை மெட்ரோவுக்குப் பொருத்திப் பாருங்கள். நிலையங்களைக் கட்டும் முறை வேறு: சாலையைத் திறந்து, பக்கச் சுவர் இறக்கி, மண்ணை அள்ளி, கட்டி, மேலே மூடுகிறார்கள். அது தோண்டல். இரண்டு நிலையங்களுக்கு நடுவே நடப்பது வேறு. இயந்திரத்தின் முகத்தில் சுழலும் வெட்டுத்தலை மண்ணைச் சுரண்ட, பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டி, வளையத்தில் முட்டுக் கொடுத்து இயந்திரம் தன்னைத்தானே முன்னே தள்ளிக்கொள்கிறது. 5.8 மீட்டர் உள்விட்டத்தில் குழாய்போல ஒரு வழி. மேலே மயிலாப்பூரில் காய்கறிக் கடை நடந்துகொண்டே இருக்கும். அது குடைதல். அந்த இயந்திரத்துக்கு நம் செய்திக்குறிப்புகளில் பெயர் ‘சுரங்கம் தோண்டும் இயந்திரம்’. தோண்டுவது அது செய்யாத ஒரே வேலை.

நம் முன்னோர் இந்த வினையைச் சரியாகவே பிடித்தார்கள். மலையைக் குடைந்த கோயில் குடைவரை. மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்றைப் பார்க்க மண்டகப்பட்டு வரை போக வேண்டாம், பல்லாவரத்திலேயே இருக்கிறது. இப்போது அது தர்கா. குடைவரை என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளைகூட அறியும். அதே அச்சில் ‘குடைவழி’ என்று சொன்னால் யாருக்காவது விளக்கவுரை தேவைப்படுமா?

இயந்திரங்களின் பெயர்களைப் பற்றி ஒரு சொல். மாதவரம் பக்கம் இறங்கியவற்றுக்கு நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன் என்று மலைப் பெயர்கள். நம் அடையாற்றுப் பக்கம் காவேரி, அடையாறு என்று ஆறுகள். கலங்கரை விளக்கத்திலிருந்து வந்தவற்றுக்கும் பனகல் பூங்காப் பக்கத்தில் இறங்கியவற்றுக்கும் பறவைகள்: பிளமிங்கோ, கழுகு, பெலிகன், மயில். மண்ணுக்குள் போவதற்குப் பறவைப் பெயரா என்று கேலி செய்தார்கள். ஆங்கிலத்தின் ‘டனல்’ முதலில் கௌதாரி பிடிக்கும் குழல் வடிவ வலைக்குப் பெயர். அதற்கும் முன்னால் பிரெஞ்சில் பீப்பாய். பூமிக்குள் போகும் வழி என்ற பொருள் பின்னாளில்தான் அதற்கு வந்தது. பெயர் வைத்தவர் இதை அறிந்து வைத்திருக்க மாட்டார். ஆனால் பொருத்தம் நன்றாக அமைந்துவிட்டது.

6. தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது

தமிழ்நாட்டின் மிகப் பயனுள்ள குடைவழி எது என்று என்னைக் கேட்டால் ரயிலைச் சொல்ல மாட்டேன். தேக்கடியில் இருக்கிறது. மேற்கே போய்க் கடலில் விழவிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வழி. பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக் பெயரை எல்லோரும் சொல்கிறோம், அணையின் படத்தை வீட்டில் மாட்டுகிறோம். அணை நீரைத் தேக்கித்தான் வைக்கும். அந்த நீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்ததும், வைகையைச் சேர்ந்ததும், மேலூர் வரை நெல் விளைந்ததும் 5,700 அடிக்கு மேல் நீளமுள்ள அந்தத் துளையினால். 1895 அக்டோபர் 10 அன்று திறந்தார்கள். லோயர் கேம்ப் அருகே இரைச்சல் பாலம் என்று ஓர் இடம் உண்டு. நீர் விழும் ஓசையால் வந்த பெயர், மக்கள் வைத்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்திலும் மேல் நீராற்றிலிருந்து சோலையாற்றுக்கு மலைக்குள்ளேயே நீர் வருகிறது. பொள்ளாச்சிக்காரரின் தென்னை அதைக் குடித்து நிற்கிறது. சுருங்கை என்ற சொல்லை நாம் விட்டோம், சுருங்கையை விடவில்லை.

7. சில கடன் வாக்கியங்கள்

மேடைப் பேச்சில் ‘சுரங்கத்தின் முடிவில் வெளிச்சம் தெரிகிறது’ என்று இப்போது அடிக்கடி கேட்கிறேன். ஆங்கிலத்தில் அது ரயில் பயணியின் அனுபவம். தமிழில் சுரங்கத்தின் முடிவில் இருப்பது நிலக்கரி, அல்லது முட்டுச் சுவர். நமக்கு ‘விடிவு’ என்ற நெடுநாள் பழக்கமான சொல் இருக்கிறது. விடிவு காலம் பிறக்கும் என்றால் பாட்டிக்கும் புரியும். மருத்துவத்தில் மணிக்கட்டு நரம்பு நெரிவதைச் சிலர் மணிக்கட்டுச் சுரங்க நோய் என்று மொழிபெயர்க்கிறார்கள். நோயாளி பயந்துபோவார். இயற்பியலாரிடம் ஒரு வேண்டுகோள்: 2025இன் நோபல் பரிசு குவாண்டம் டனலிங் ஆய்வுக்குக் கிடைத்தது. தயவுசெய்து அதற்கும் சுரங்கம் என்று எழுதாதீர்கள். துகள் தடையை ஊடுருவுகிறது, ‘ஊடுருவல்’ போதும்.

8. என்ன செய்யலாம்

சொல்லைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. கனிமம் எடுக்கும் இடத்துக்குச் சுரங்கம் என்பது நிலைத்துவிட்டது. அது அங்கேயே இருக்கட்டும். ரயிலுக்கோ சாலைக்கோ மலையையும் மண்ணையும் குடைந்து போனால் குடைவழி. தண்ணீருக்காகக் குடைந்தாலும் தெருவுக்கு அடியில் மூடிக் கட்டினாலும் சுருங்கை. அந்தச் சொல்லுக்கு அதுதான் பிறந்த வீடு. தண்டவாளத்துக்குக் கீழே தாழ்த்திய சாலைக்குக் கீழ்ப்பாலம். இது நான் கண்டுபிடித்தது அல்ல, பல மாவட்டங்களில் ‘ரயில்வே கீழ்ப்பாலம்’ என்று பத்திரிகையிலேயே எழுதுகிறார்கள். மேம்பாலத்துக்கு எதிர்ச்சொல்லாக மக்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த நகரத்தின் அடியில் வேலை செய்கிறவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் தமிழ் ஃபிட்டர்களும் வெல்டர்களும் மேற்பார்வையாளர்களும் வளையத்துக்கும் வெட்டுத்தலைக்கும் வெளியேறும் சேற்றுக்கும் நாள்தோறும் ஏதோ ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அந்தச் சொற்களும் கூடவே போய்விடும். ஒரு குறிப்பேட்டோடு தேநீர்க் கடை வாசலில் நின்று எழுதி வாருங்கள். மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும் இந்த அவையின் சார்பில் ஒரு கடிதம் எழுத ஒப்புதல் தாருங்கள்: அறிவிப்புப் பலகைகளில் கீழ்ப்பாலம் என்று போடுங்கள், அதற்குக் கீழே தண்ணீர் எந்த வழியாக, எங்கே வடியும் என்பதையும் போடுங்கள் என்று. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.